டாக்டரின் அறையில் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்பது எப்படி?

கேள்வி:

அன்புள்ள டாக்டர்,

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறை. ஒன்பதாம் வகுப்பு வரை மார்த்தாண்டத்தில் படித்தேன். அம்மா நர்ஸ். அவருக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு அமெரிக்கா வந்துவிட்டோம். கிரீன் கார்டு இருக்கிறது. இப்போது உயிரியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. அடுத்த கோடையில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டாக்டர்களின் கூடவே இருந்து அவர்கள் வேலையைப் பார்த்த அனுபவம், இங்கே 'ஷேடோயிங்' என்கிறார்கள், கட்டாயம் வேண்டும் என்று கல்லூரி ஆலோசகர் சொல்கிறார். இருபது டாக்டர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு பேர் முடியாது என்றார்கள், மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. ஜூன், ஜூலையில் பாட்டி வீட்டில் இருப்பேன். ஊரில் கேட்டால் கிடைக்குமா? எப்படிக் கேட்பது? அதை அமெரிக்கக் கல்லூரிகள் ஏற்குமா? மாமா, "தெரிந்த டாக்டர் இருக்கிறார், நூறு மணி நேரம் என்று சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன், ஊசி போடக்கூடச் சொல்லிக்கொடுப்பார்" என்கிறார். எனக்கு யாரிடமும் போய்க் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நான் அனுப்பிய மின்னஞ்சலின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்:

அன்பு மகளுக்கு,

மாமா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் அவசரம். அந்த சர்டிபிகேட்டும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். உன் மேல் உள்ள பிரியத்தில்தான் அவர் சொல்கிறார். பிள்ளைகளுக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் தெரிந்தவரைப் பிடித்து முடித்துக்கொடுப்பது நம் பக்கத்தில் பாசத்தின் ஒரு வழி. ஆனால் நீ விண்ணப்பத்தில் எழுதுவது எல்லாம் உண்மை என்று உன் பெயரில் உறுதி கொடுக்கிறாய். ஒவ்வோர் அனுபவத்துக்கும் நாள், மணிக்கணக்கு, தொடர்புகொள்ள ஒருவரின் விவரம் எல்லாம் கேட்பார்கள். நேர்முகத் தேர்வில், "அங்கே நீ பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்" என்று ஒருவர் சாதாரணமாகக் கேட்டால், இல்லாத நூறு மணி நேரத்திலிருந்து என்ன எடுத்துச் சொல்வாய்?

ஊசி விஷயம் இன்னும் மோசம். பதிவு பெறாதவர்கள் மருத்துவத் தொழில் செய்வதற்கு 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்திருக்கிறது. சட்டத்தை விடு. அந்த ஊசியை வாங்கிக்கொள்ளப் போகிற மனிதர், தன் மேல் ஒரு கல்லூரி மாணவி பழகுகிறாள் என்று தெரிந்தா கையை நீட்டுவார்? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. இதைப் பற்றி வழிகாட்டு நெறிகளே வெளியிட்டிருக்கிறது. சொந்த நாட்டில் உனக்கு அனுமதி இல்லாத எதையும் வெளிநாட்டுக்குப் போய்ச் செய்யாதே, செய்தால் விண்ணப்பத்துக்கே கெடுதலாகலாம் என்பது அதன் சாரம். ஆகவே யாராவது டாக்டர் ஆசையாக, "வா, இந்தத் தையலை நீ போடு" என்று கூப்பிட்டாலும், "இல்ல சார், பார்த்தாலே போதும். எங்க காலேஜில் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிடு. யாருக்கும் மனம் நோகாது.

அடுத்து, ஊரில் கேட்டால் கிடைக்குமா என்பது. கிடைக்கும். ஆனால் நீ என்ன கேட்கிறாய் என்பதே இங்குள்ள டாக்டர்கள் பலருக்கு முதலில் புரியாது. காரணம் எளிது. இங்கே பிளஸ் டூ முடித்து நீட் எழுதி நேராக எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடுகிறார்கள். சேரும் முன் ஆஸ்பத்திரியை உள்ளிருந்து பார்த்தாயா என்று யாரும் கேட்பதில்லை. 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் முதலாண்டிலேயே மாணவர்களை நோயாளிகளின் பக்கம் கூட்டிப் போகச் சொல்கிறது, அதுவும் சேர்ந்த பிறகுதான். அமெரிக்காவில் நாலு வருடப் பட்டம் முடித்த பிறகே மருத்துவக் கல்லூரி என்பதால், இந்த வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் வருகிறாயா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இங்கேயும் யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

இந்த வேறுபாடு தெரியாததால், "அமெரிக்காவில் படிக்கிறேன், உங்களிடம் இருந்து பார்க்க வேண்டும்" என்று நீ போய் நின்றால், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இன்டர்ன்ஷிப்புக்கு இடம் தேடுகிற பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள். அதற்குக் கவுன்சில், பல்கலைக்கழகம், ஆயிரம் காகிதம். பயந்து "இடமில்லை" என்பார்கள். எனவே முதல் வாக்கியத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடு: நான் இன்னும் மருத்துவ மாணவி இல்லை, எதையும் தொட மாட்டேன், ஓரமாக உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதி வேண்டும்.

சரி, இப்போது உன் மின்னஞ்சல். ஆங்கிலத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறாய், ஆனால் ஒரு பக்கம் முழுக்க. சின்ன வயதிலிருந்தே டாக்டர் கனவு என்பதில் தொடங்கி, மதிப்பெண், பரிசுகள், கல்லூரி மன்றம் என்று போய், கடைசி வரியில் "ஏதாவது வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்" என்று முடிகிறது. இதைப் படிக்கிற டாக்டரை நினைத்துப் பார். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் உள்ளே வருவதற்குள் போனைப் பார்க்கிறார். இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும், எத்தனை நாள், என்றைக்கு, அதற்கு நான் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்று மூடி வைப்பார். அது அங்கேயே கிடக்கும். அவர் உன்னை மறுக்கவில்லை மகளே, உன் கடிதம் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். பதினெட்டு மௌனங்களையும் அப்படியே எடுத்துக்கொள்.

அதில் இன்னொன்றும் இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. அந்தப் பக்கம் முழுக்க நோயாளி என்ற ஆளே வரவில்லை. நீ உட்காரக் கேட்கிற அறை டாக்டருடையது என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். கதவில் பெயர் அவருடையதுதான். உள்ளே சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவரும், யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறவரும் நோயாளி. உன்னை உள்ளே விடுவதில் ஒரு டாக்டருக்கு உள்ள தயக்கமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா, வெளியே போய்ப் பேசுமா, ஒரு பெண் நோயாளி கூச்சப்பட்டால் புரிந்துகொண்டு எழுந்து போகுமா? இந்தக் கேள்விகளுக்கு நீயே முன்கூட்டிப் பதில் சொல்லிவிட்டால், பாதி அனுமதி கிடைத்த மாதிரி.

கேட்பதைச் சின்னதாகக் கேள். இரண்டு மாதம் என்று ஆரம்பிக்காதே. ஒரு காலை ஓ.பி. மட்டும். அந்த ஒரு காலை நீ நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்து, "நாளைக்கும் வா" என்று அவரே சொல்வார். சொல்லாவிட்டாலும் நன்றி சொல்லிவிட்டு வா, ஒரு காலைப் பொழுது உனக்கு மிச்சம்.

நான் என்றால் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுவேன். நம் பக்கத்து டாக்டர்கள் மின்னஞ்சலை அவ்வளவாகத் திறப்பதில்லை.

"வணக்கம் டாக்டர். நான் குழித்துறை. என் பாட்டி உங்களிடம் சர்க்கரைக்குப் பார்க்கிறார். நான் அமெரிக்காவில் பட்டப்படிப்பு படிக்கிறேன், இன்னும் மருத்துவ மாணவி இல்லை. அங்கே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் டாக்டர்களின் வேலையை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஜூன் 10க்கு மேல் உங்களுக்குச் சௌகரியமான ஒரு நாள், ஒரு காலை ஓ.பி.யில் ஓரமாக உட்கார அனுமதிப்பீர்களா? யாரையும் தொட மாட்டேன், போன் பையில் இருக்கும், நோயாளி வேண்டாம் என்றால் உடனே வெளியே போய்விடுவேன். முடியாவிட்டால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தவறாக நினைக்க மாட்டேன்."

இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மதிப்பெண் வேண்டாம், கனவு வேண்டாம். அதையெல்லாம் அவர் கேட்கும்போது சொல்லலாம். கடைசி வாக்கியத்தை மட்டும் வெட்டிவிடாதே. மறுப்பதற்கு வழி வைத்துக் கேட்கிறவர்களுக்குத்தான் மனிதர்கள் மனம் இளகிச் சரி என்கிறார்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு முறை நினைவூட்டு. அப்புறமும் இல்லை என்றால் விட்டுவிடு.

நேரில் போவதானால் நேரம் பார்த்துப் போ. திங்கட்கிழமை போகவே போகாதே, ஞாயிறு பார்க்காத கூட்டமும் சேர்ந்து நிற்கும். ஓ.பி. முடிகிற நேரத்தில் மெடிக்கல் ரெப்கள் பையோடு காத்திருப்பார்கள் பார், அவர்களோடு நீயும் காத்திரு. முதலில் வெளியே டோக்கன் கொடுக்கிற சிஸ்டரிடம் யார், எதற்கு என்று மரியாதையாகச் சொல். ஒரு கிளினிக்கில் யார் உள்ளே போகலாம் என்பதைப் பாதி முடிவு செய்கிறவர் அவர்தான். பிறகு நீ தினமும் வந்து உட்காரும்போது உனக்கு நாற்காலி போடுகிறவரும் அவர்தான்.

கூச்சமாக இருக்கிறது என்கிறாய். மாமாவைக் கூட்டிக்கொண்டு போகலாம், தப்பில்லை. அறிமுகப்படுத்துவதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டியதை நீ உன் வாயால் கேள். மாமா முழுதும் பேசி நீ தரையைப் பார்த்து நின்றால், பிள்ளைக்கு விருப்பமா வீட்டாருக்கு விருப்பமா என்று டாக்டருக்குத் தெரியாது. நாளைக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம், "கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது" என்று கேட்கப் போகிறவள் நீ. ஒரு டாக்டரிடம் ஒரு காலைப் பொழுதைக் கேட்பது அதைவிடச் சுலபம்.

யாரிடம் கேட்பது? பாட்டியின் டாக்டரிடம் முதலில். அவருக்கு உன் குடும்பம் தெரியும், உனக்கும் பேச ஒரு தொடக்கம் இருக்கும். சாயங்கால கிளினிக் வைத்திருக்கிற பொது மருத்துவர், குழந்தை மருத்துவர் இவர்களோடு ஆரம்பி. எல்லோரும் ஆபரேஷன் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள். தியேட்டருக்குள் உன் கண்ணுக்குத் தெரிவது பச்சைத் துணியும் நாலு முதுகும். சர்ஜனின் அனுமதி மட்டும் போதாது, மயக்க மருந்து டாக்டரும் தியேட்டர் சிஸ்டரும் சரி சொல்ல வேண்டும். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள். போகிற நாளில் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, தலை சுற்றினால் வெட்கப்படாமல் சுவரோரம் உட்கார்ந்துவிடு.

அரசு மருத்துவமனையில் பார்க்க விரும்பினால், அங்குள்ள டாக்டர் நல்லவராக இருந்தாலும் அவராக அனுமதி கொடுக்க முடியாது. குழித்துறை அரசு மருத்துவமனை என்றால் தலைமை மருத்துவரிடம் எழுத்தில் கொடு. அவர் மாவட்ட இணை இயக்குநரைக் கேட்கச் சொல்லக்கூடும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி என்றால் டீன். எல்லை தாண்டி பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரி என்றால் சூப்பிரண்டு. மிஷன் ஆஸ்பத்திரிகளில் மருத்துவக் கண்காணிப்பாளரைப் பார்க்க வேண்டும். உன் கல்லூரி ஆலோசகரிடமிருந்து, இவள் எங்கள் மாணவி, பார்வையாளராக மட்டும் இருக்க வேண்டும் என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்கி வா. நம் அலுவலகங்களில் முத்திரை உள்ள காகிதத்துக்கு மரியாதை உண்டு.

இனி அறைக்குள்ளே. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேறு யாரும் உனக்குச் சொல்லப் போவதில்லை.

வெள்ளைக் கோட்டு போடாதே. யாராவது கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல். கோட்டு போட்டால் நீ டாக்டர், நம் ஜனங்களுக்கு அதில் சந்தேகமே வராது. வராந்தாவில் ஒரு அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, "பயப்பட ஒண்ணும் இல்லையே மக்களே?" என்று கேட்பாள். அப்போது நீ தலையை ஆட்டினால்கூட அது ஒரு பதில். "நான் டாக்டர் இல்ல அம்மா, படிக்க வந்திருக்கேன், உள்ளே டாக்டரிடம் கேளுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லப் பழகு. சுத்தமான பருத்திச் சுடிதார், கட்டிய முடி, சத்தம் போடாத செருப்பு. அது போதும்.

டாக்டர் உன்னைக் காட்டி, "இவள் மாணவி, இருக்கலாமா?" என்று கேட்பார். நம் பக்கத்தில் பத்துக்கு ஒன்பது பேர் "இருக்கட்டும்" என்பார்கள். ஆனால் டாக்டர் கேட்டு இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வராது. அதனால் வாயை மட்டும் நம்பாதே. ஒரு பெண் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டால், ஒரு பெரியவர் உன்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினால், அதுதான் பதில். யாரும் சொல்லாமல் நீயாக எழுந்து வெளியே போ. டாக்டர் அதைக் கவனிப்பார். இந்த ஒன்றை வைத்தே உன்னைப் பற்றி அவர் முடிவு செய்துவிடுவார். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

அப்புறம் ரகசியம். அமெரிக்காவில் நோயாளிகளின் விவரங்களைக் காக்க 1996இல் கொண்டுவந்த ஹிப்பா சட்டம் இருக்கிறது, மீறினால் ஆஸ்பத்திரிக்கே தண்டனை. ஹூஸ்டனில் உனக்குப் பயிற்சி கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே உன்னிடம் யாரும் கையெழுத்து வாங்க மாட்டார்கள். ஆனால் இங்கேதான் ஆபத்து அதிகம். ஹூஸ்டனில் உள்ளே வருகிறவர் யாரென்றே உனக்குத் தெரியாது. குழித்துறையில் இரண்டாவது நாளே பாட்டியின் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வருவார். உன் பள்ளித் தோழியின் அக்கா வருவாள், கல்யாணமாகி நாலு வருடம் குழந்தை இல்லை என்று அழுவாள். ரப்பர் வெட்டப் போகிற ஒருவர், தூக்கம் வராமல் மனநல மாத்திரை வாங்க வருவார், வீட்டில் யாருக்கும் தெரியாமல். அன்று ராத்திரி பாட்டி சோறு போட்டுக்கொண்டே, "இன்னைக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்று ஆசையாகக் கேட்பாள். பதில் ஒன்றுதான்: "நிறையப் பேர் வந்தாங்க பாட்டி." பாட்டி கோபித்துக்கொள்ளட்டும். வழியில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் "உடம்பு எப்படி இருக்கு" என்றுகூட நீயாக விசாரிக்காதே. பக்கத்தில் நிற்கிற மனைவிக்கு அவர் டாக்டரிடம் போனதே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர் உள்ளே வரும்போதே எழுந்து வெளியே போய்விடுவது இன்னும் நல்லது.

கேள்விகளை நோயாளி முன்னால் கேட்காதே. "இது கேன்சராக இருக்குமா டாக்டர்?" என்று நீ ஆங்கிலத்தில் கேட்டாலும் அந்த ஒரு சொல் எல்லோருக்கும் புரியும். குறித்து வைத்துக்கொண்டு, கூட்டம் முடிந்து அவர் டீ குடிக்கும்போது இரண்டு கேள்வி கேள். குறிப்பேட்டில் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். தேதி, எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவு, அன்று மனதில் நின்றது எது, அவ்வளவுதான். இந்தக் குறிப்பை அன்றன்றே எழுதிவிடு. ஓராண்டு கழித்து விண்ணப்பம் எழுதும்போது இதுதான் உன் கையில் இருக்கும்.

எதைக் கவனிப்பது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நோயின் பெயர்கள் உனக்கு இப்போது முக்கியமில்லை, அதையெல்லாம் பிறகு புத்தகம் சொல்லிக்கொடுக்கும். நீ வருகிற ஜூன் மாதம் நமக்கு மழைக்காலம். ஓ.பி. முழுக்கக் காய்ச்சலாக இருக்கும். டெங்குவா, எலிக்காய்ச்சலா, சாதாரண வைரஸா என்று சில நிமிடத்தில் ஒரு டாக்டர் எதைக் கேட்டு, எங்கே தொட்டுப் பார்த்து முடிவு செய்கிறார் என்று பார். எல்லா டெஸ்டையும் எழுதினால் அந்தக் குடும்பத்தின் ஒரு வாரக் கூலி போய்விடும் என்று தெரிந்து, எதை எழுதுகிறார், எதை நாளைக்குத் தள்ளுகிறார் என்று பார். இதய நோய், புற்றுநோய் என்றால் நம் ஆட்கள் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்கும் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கும் போகிறார்கள். ஆசாரிப்பள்ளத்திலேயே பார்க்கலாமா, அங்கே போகலாமா, போனால் கூட யார் இருப்பது, எங்கே தங்குவது என்று ஒரு மகனும் அப்பாவும் டாக்டர் முன்னாலேயே பேசிக்கொள்வார்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை டாக்டர் காத்திருக்கிறாரா, குறுக்கிடுகிறாரா? அதைக் குறித்துக்கொள். ஹூஸ்டனில் இது உனக்குப் பார்க்கக் கிடைக்காது.

பார்க்க வருவது என்றதும் உன் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்று எனக்கு நினைவு வருகிறது. நெய்யூரில் 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற டாக்டர் தொடங்கிய மிஷன் மருத்துவப் பணி, ஆஸ்பத்திரியாக இன்றும் இருக்கிறது. ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவோடு வந்தவர், பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தார். நெய்யூரில் நோயாளிகளின் கூட்டத்தையும் அவர்களைப் பார்க்க ஆள் போதாததையும் பார்த்தார். இங்கிலாந்தில் காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்து இருபதாண்டுக்கு மேல் நெய்யூரில் இருந்தார், அப்புறம் வேலூர் சி.எம்.சி.யில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் முழுப் படிப்பும் முடித்த சர்ஜன், நீ இரண்டாம் ஆண்டு மாணவி. ஆனால் கண்ணைத் திறந்து பார்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை. பாட்டி வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான், ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

இனி அமெரிக்கக் கல்லூரிகள் ஏற்குமா என்பது. ஏற்கும், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு போகாதே. அவர்கள் ஊர் மருத்துவம் எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா என்பதே அவர்கள் அறிய விரும்புவது. இங்கே பார்ப்பது அதற்கு மேல் ஒரு கூடுதல் பலம். பெரும்பாலான கல்லூரிகள் இத்தனை மணி நேரம் என்று கறாராக வைப்பதில்லை. இங்கே ஒரு 20, 30 மணி நேரம் நன்றாகப் பார், மீதியை ஹூஸ்டனில் சேர். அங்குள்ள பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பத்தில் 15 அனுபவங்கள் வரை பதியலாம், மூன்றை முக்கியமானவை என்று குறித்து விரிவாக எழுதலாம். டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற தனி விண்ணப்பம், அதன் விதிகளைத் தனியாகப் படித்துக்கொள். அங்கே எம்.டி.க்கு நிகரான இன்னொரு மருத்துவப் பட்டமான டி.ஓ. தருகிற கல்லூரிகளுக்கும் போட நினைத்தால் ஒரு டி.ஓ. டாக்டரிடம் சில நாளாவது உட்கார்ந்து பார். இன்னொன்று, பார்ப்பது மட்டும் போதாது. நோயாளிகளோடு நேரடியாக இருந்து உதவிய அனுபவத்தை அவர்கள் வேறாகக் கணக்கிடுகிறார்கள். அதற்கு ஒரு ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ தன்னார்வலராகச் சேர்ந்துவிடு.

ஹூஸ்டனில் கேட்கும் முறையும் கொஞ்சம் மாற வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர் விரும்பினாலும் தனியாக உன்னை உள்ளே விட முடியாது. தன்னார்வலர் அலுவலகம், தடுப்பூசிக் கணக்கு, காசநோய்ப் பரிசோதனை, ஹிப்பா பயிற்சி எல்லாம் முடிய வேண்டும். நீ எழுதிய இருபது பேரில் எத்தனை பேர் அப்படிப்பட்ட பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று எண்ணிப் பார். சொந்த கிளினிக் வைத்திருக்கிற குடும்ப மருத்துவர்களுக்கு அந்தக் கட்டு குறைவு. எல்லாவற்றுக்கும் மேல், உன் அம்மா அங்கே நர்ஸ். அவர் தினமும் கூட வேலை பார்க்கிற டாக்டர்களில் நோயாளியிடம் நன்றாகப் பேசுகிறவர் யார் என்று கேள், அம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவருக்கு நீயே எழுது, நான் மேலே எழுதின மாதிரி, நாலைந்து வரியில்.

எல்லோரும் இல்லை என்றுவிட்டால்? இங்கே நம் பக்கத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021இலிருந்து வீடு வீடாகப் போகிறது, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரை கொடுக்க, படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்க. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பஞ்சாயத்துதோறும் நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ் கேர்) நர்ஸ்கள் வீட்டுக்கே போகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு அவர்களோடு ஒருநாள் நடந்து பார். டாக்டர் கூட இருக்க மாட்டார், ஷேடோயிங் கணக்கில் அது வராது. ஆனால் பக்கவாதத்தில் மூன்று வருடமாகப் படுத்திருக்கிற ஒருவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கிற மருமகளை நீ பார்ப்பாய். என் மகளாக இருந்தால் இதற்குத்தான் முதலில் அனுப்புவேன்.

கிளம்பும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்ததா என்று பார்த்து, அந்தக் காகிதத்தின் நகலைப் போனில் வைத்துக்கொள். என்-95 மாஸ்க் ஒரு பெட்டி எடுத்து வா, நம் ஓ.பி.யில் காசநோய் சாதாரணம். ஆலோசகரின் கடிதத்தை மே மாதத்துக்குள் வாங்கிவிடு, கோடை விடுமுறை தொடங்கினால் அவரைப் பிடிக்க முடியாது. பாட்டியின் டாக்டருக்கு மே கடைசி வாரத்தில் செய்தி அனுப்பு. முடித்துத் திரும்பும்போது டாக்டருக்கு ஒரு நன்றிக் கடிதம் கையால் எழுதிக் கொடு, அந்த டோக்கன் சிஸ்டருக்கும் ஒன்று.